பீலெஃபெல்டில் ஒரு தேங்காயும் வானத்தை அடித்த கொல்லனும்

ஜேர்மனிக்குப் போய் வந்தவர்கள் தெருவில் குப்பை இல்லாததைப் பற்றிக் கதைப்பார்கள், கார் ஓடுகிற வேகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். நான் வந்து மாதக்கணக்காகியும் என் வாயில் வருவது ஒரு பின்லாந்துக் கொல்லனின் பெயர்தான். இல்மரினென். அப்படி ஒருத்தன் உலகத்தில் இருந்ததே இல்லை, அது பழங்கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தும் அவனில் எனக்கு வந்த பொறாமை, முன்கடைக்காரன் புது வான் வண்டி வாங்கினபோதுகூட வந்ததில்லை.

போன காரியம் என் தங்கச்சி வதனியின் மகள் ஆரணியின் சாமத்திய வீடு. பிள்ளை போன மாரிக்குப் பெரியபிள்ளையாகி, முதல் தண்ணி வார்வை வீட்டோடு முடிந்துவிட்டது. சனத்தைக் கூப்பிட்டு மண்டபத்தில் செய்கிற சடங்கை நான் வரவேண்டும் என்பதற்காகவே கோடைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். தேங்காய் உடைக்க வேண்டியவன் தாய்மாமன் அல்லவா? வதனிக்கு இருப்பது நான் ஒரே அண்ணன். மற்றப் பகுதிகளில் கையில் வைத்துக் கத்தியால் கொத்துவார்கள். எங்கள் பகுதியில் அது சரிவராது. மாமன் தேங்காயைக் கல்லில் ஓங்கி அடிக்க வேண்டும், அந்தச் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

மனிசிக்கு முழங்கால் வருத்தம், அவள் வரவில்லை. சுன்னாகத்தில் இருக்கிற என் வெல்டிங் கடையைப் பூட்டி, பிள்ளைக்கென்று செய்வித்த தங்க அட்டியலை உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு நான் தனியாகப் புறப்பட்டேன்.

விமானத்தால் இறங்கி ரயில் ஏற வேண்டும். வண்டி வரும் என்று பலகையில் போட்டிருந்த மேடையில் நின்றேன். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், உடனே நின்ற சனமெல்லாம் பெட்டியோடு படிகளில் ஓடத் தொடங்கியது. எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமல் நானும் ஓடினேன். வேறு மேடையில் வண்டி நின்றது, கதவு பூட்டுகிற நேரத்தில் ஒரு பெடியன் என் பெட்டியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டான். எங்கள் ஊர் ரயில் பிந்தினாலும் மேடையை மாற்றாது, அந்த மட்டில் அது பரவாயில்லை.

முன்னுக்கு இருந்தவர் எங்கே போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பீலெஃபெல்ட் என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், அப்படி ஒரு ஊர் இல்லையே என்றார். ரிக்கெட்டைக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, பாவம், இவரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் ஒரு வயதான மனிசி இரக்கப்பட்டு, இது ஜேர்மன்காரர் எல்லாரும் சொல்கிற பகிடி, பீலெஃபெல்ட் இருக்கிறது, நான் அங்கேதான் பல்லுக் கட்டினேன் என்று பல்லைக் காட்டினா. இல்லாத ஊருக்குப் போய் இல்லாத கொல்லனோடு மல்லுக்கட்டப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்டேசனில் வதனி நிற்பாள், கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். வதனிக்கும் மச்சானுக்கும் அன்று லீவு கிடைக்கவில்லையாம். ஆரணி நின்றாள், தோளுக்கு மேல் வளர்ந்து. பக்கத்தில் துருப்பிடித்த நிறத்தில் தாடி வைத்த ஒரு நெடிய மனிதன். என் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினான். "மாமா, இது ரிஸ்ரோ. எங்கட பக்கத்து வீடு. பின்லாந்து ஆள். இரும்பு அடிக்கிறவர்" என்றாள் ஆரணி. சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன்.

அவனுடைய வானில் முன்னுக்கு ஆரணி ஏறினாள். நான் பின்னுக்கு, இரும்புக் கம்பிகளோடு. மருமகளை நான் கடைசியாக நேரில் பார்த்தது அவள் நடக்கப் பழகிய காலத்தில், ஊருக்கு வந்தபோது. பிறகு எல்லாம் போனில்தான். இரண்டு பேரும் ஜேர்மனில் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் எனக்காக ஒருக்கால் திரும்பி, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டிய றெபராற் ஒன்று இருக்கிறது, ரிஸ்ரோ சொன்ன இல்மரினென் பற்றித்தான் பேசப் போகிறேன் என்றாள். அந்தக் கொல்லன் வானத்தையே இரும்பில் அடித்துக் கவிழ்த்தானாம். சுத்தியல் பட்ட அடையாளம் ஓரிடத்திலும் தெரியாதாம். நான் கண்ணாடியால் எட்டி மேலே பார்த்தேன். முழுக்க முகில். அடையாளத்தைப் பார்க்க முதலில் வானம் தெரிய வேண்டுமே.

இறங்கும்போது ரிஸ்ரோ ஒரு மிட்டாய் தந்தான், கறுப்பு நிறம். வாயில் போட்டால் உப்பு. கரியையும் உப்பையும் குழைத்து உருட்டின மாதிரி ஒரு சாமான். அவனுடைய நாட்டில் அதைச் சின்னப் பிள்ளைகளும் தின்னுமாம். ஆரணி கையை நீட்டி இரண்டாவது கேட்டாள். நான் வீட்டுக்குள் போகும்வரை அடக்கி வைத்திருந்து, குப்பைத்தொட்டியில் துப்பினேன். பிறகு பார்த்தால் அது பேப்பர் போடுகிற தொட்டியாம். வந்த அன்றே வதனியிடம் ஏச்சு வாங்கினேன்.

அடுத்த நாள் காலை ஆரணியோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். சின்னச் சின்ன உருண்டைப் பாண், வெளியில் கல்லு, உள்ளே பஞ்சு. எங்கள் ரோஸ் பாண் வாயில் கரையும், இதைக் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனால் நல்ல ருசி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து வதனி வைத்த சம்பலோடு சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது ஆரணி தன் றெபராற்றை எனக்குச் சொல்லிப் பார்த்தாள். தமிழில் தட்டுப்பட்ட இடத்தில் ஜேர்மனைப் போட்டு ஒட்டிக்கொண்டு சொன்னாள். வடக்கு நாட்டுக் கிழவி ஒருத்தி தன் மகளைத் தருகிறேன், அதற்குப் பதிலாக சம்போ செய்து தா என்று இல்மரினெனைக் கேட்டாளாம். சம்போ என்றால் ஒரு திரிகை. ஒரு பக்கத்தால் மா கொட்டும், ஒரு பக்கத்தால் உப்பு, மற்றப் பக்கத்தால் காசு. அதை அவன் அன்னத்தின் இறகு நுனி, மலட்டு மாட்டின் பால், ஒரே ஒரு வாற்கோதுமை மணி, ஆட்டின் மயிர் இவ்வளவையும் உலையில் போட்டுச் செய்தானாம்.

மலட்டு மாட்டில் ஏது பால் என்று கேட்டேன். ஆரணி சிரித்துவிட்டு, அதுதான் மாமா அவர் கெட்டிக்காரன் என்றாள். சரி, பெண்ணைக் கொடுத்தாளோ என்று கேட்டேன். அந்த முறை பெண் வர மாட்டேன் என்றுவிட்டதாம். திரிகை பிறகு கடலில் விழுந்து உடைந்தும் போனதாம். நல்லாய் வேணும் என்று எனக்கு ஒரு சந்தோசம். நானும் இரும்பு வேலைதான் செய்கிறேன் பிள்ளை, உங்கட அம்மா போனில் காட்டினவவோ, மயில் வைத்த வாசல் கேற், தாமரை வைத்த கேற் என்றேன்.

ஆரணி யோசித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். "மாமா, நீங்கள் இரும்பை ஒட்டுறீங்கள். ரிஸ்ரோ இரும்பை அடிக்கிறார். ரெண்டும் வேற."

பிள்ளை பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. கடித்த பாணைத் தட்டில் வைத்தேன். அவள் அதைக் கவனிக்காமல் போனை எடுத்து, ரிஸ்ரோவின் அடியைப் பாருங்கோ மாமா என்று ஒரு வீடியோவைப் போட்டாள்.

வதனியின் குளியலறை வாசல். மஞ்சள் பூசி, துவாய் சுற்றி, ஆரணி பலகையில் குந்தியிருக்கிறாள். வதனி செம்போடு நிற்கிறாள். அந்தத் தாடிக்காரன் ஒரு சின்னப் பட்டடையைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். எங்கள் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கிற அதே பட்டடைதான், சின்ன அளவில். நான் உடைக்க வேண்டிய தேங்காயை அவன் ஓங்கி ஒரே அடி. சரிபாதி. மயிரிழை பிசகாமல் சரிபாதி. வீட்டில் நின்ற சனம் கைதட்டுகிறது.

முதல் தண்ணி வார்வைக்கு ஆர் தேங்காய் உடைத்தது என்று போன மாரியிலேயே போனில் கேட்டிருந்தேன். முறையான ஒரு ஆளை வைத்து உடைத்தது அண்ணை என்றாள் வதனி. மச்சானின் பகுதியில் ஆரோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலையால் வந்த வதனியைக் கதிரையில் இருக்கக்கூட விடவில்லை, கேட்டேன். அன்றைக்குத் திடீரென்று நடந்ததாம், வெளியில் பனி கொட்டுகிறதாம், ஐயரைப் போனில் கேட்டால் மாமன் முறையில் ஒருத்தர் வேணும் என்றாராம். பிள்ளை சின்ன வயதிலிருந்து ரிஸ்ரோவை மாமா என்றுதான் கூப்பிடுகிறது, சைக்கிள் பழக்கினது அவர், நீந்தப் பழக்கினது அவர், காய்ச்சலுக்கு டொக்டர் நேரம் குடுத்த தெர்மினுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர், வேற ஆரை நான் பிடிக்கிறது அண்ணை என்று அழுதாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவும் நான் செய்திருக்க வேண்டியது.

என் வாயால் அது எப்படி வந்ததோ தெரியாது. அந்த ஆள் மண்டபத்துக்கு வந்தால் நான் மேடையில் ஏற மாட்டேன் என்றேன். வதனி கண்ணைத் துடைத்தாள். பிறகு, சரி அண்ணை, உங்கட விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மணியை அடிக்கப் போனாள்.

மனிசிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். எனக்காகக் கதைப்பாள் என்று பார்த்தால், "உங்களுக்கு எரிச்சல். வேற ஒண்டும் இல்லை. படுங்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆரணி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் பதில். பின்னேரம் நான் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். உள்பையின் தையலைப் பிரித்து அட்டியலை மேசையில் வைத்தேன். வதனி கண்ணில் ஒற்றினாள். மச்சான் கையில் தூக்கிப் பார்த்து, ஊர் வேலை ஊர் வேலைதான் என்றார். இரும்படிக்கிற பின்லாந்துக்காரன் இப்படி ஒன்றைச் செய்யட்டும் பார்ப்போம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு.

ஆரணி கழுத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே எடுத்துவிட்டாள். "குளிருது மாமா" என்றாள்.

தங்கம் முதலில் அப்படித்தான் என்றேன். அவள் அட்டியலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, என் முன்னால் இருந்துகொண்டு, இல்மரினெனின் மிச்சக் கதையைச் சொன்னாள். வடக்கு நாட்டுப் பெண் கடைசியில் அவனையே கட்டினாளாம், பிறகு செத்துப்போனாளாம். அவன் அழுது அழுது, உலை மூட்டி, தங்கத்திலும் வெள்ளியிலும் ஒரு மனிசியைச் செய்தானாம். கண், மூக்கு, கை, கால் எல்லாம் வடிவு. ஆனால் அவள் பேச மாட்டாள். இரவில் பக்கத்தில் படுக்க வைத்தால் அவன் போர்வை போர்த்த பக்கம் சூடு, அவள் பக்கம் பனிக்கட்டி.

"சடங்கண்டைக்கு நகை எல்லாம் போட்டு, மேக்கப் போட்டு, என்னை மேடையில வச்சுப் படம் எடுப்பினம். நான் கதைக்கக்கூடாது எண்டு கமெராக்காரர் சொன்னவர். எனக்கு அந்தத் தங்கப் பொம்பிளை மாதிரி இருக்க ஏலாது மாமா. ரிஸ்ரோவையும் வர வேண்டாம் எண்டிட்டீங்கள்."

இதெல்லாம் அந்தத் தாடிக்காரன் பிள்ளையின் மண்டையில் போட்ட கதை என்று எனக்குச் சினம் வந்தது. வேற மனிசி கிடைக்காமல் தங்கத்தில் வார்த்தவன் எல்லாம் ஒரு வீரனோ என்று கேட்டேன். ஆரணி எழும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அட்டியல் மேசையிலேயே கிடந்தது. அதைத் திரும்ப என் பையில் வைக்கும்போது எனக்கும் அது குளிர்ந்தது.

நான்காம் நாள் மண்டபம் பார்க்கப் போனோம். ஹவுஸ்மைஸ்ரர் என்று மண்டபத்துக்குப் பொறுப்பான ஆள், திறப்புக் கோர்வை இடுப்பில் கலகலக்க முன்னுக்கு நடந்தார். பலகை போட்ட தரை, முகம் பார்க்கலாம். ஊரில் மண்டபத்துத் தரையில் சோற்றுக் கிடாரத்தை இழுப்போம், பந்தல் கால் நடுவோம், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே குதிச் சப்பாத்துக்கே தடை. மேடையின் நடுவில் ஒரு பழந்துணியும் ஒரு பெட்டி மணலும் வைத்திருந்தது. அந்த மனுசன் அதைக் காட்டி வதனியிடம் ஏதோ கேட்டார். வதனி தலையைக் குனிந்தாள்.

என்னவாம் என்று கேட்டேன். சொல்ல விருப்பமில்லாமல் சொன்னாள். தேங்காய் உடைக்கிறதற்கு இந்தத் தரையில் விட மாட்டார்களாம். ரிஸ்ரோ வந்து கதைத்து, மணலைக் கீழே போட்டு, மரக் குற்றியில் தன் பெரிய பட்டடையை வைத்தால் அதிர்ச்சி தரைக்குப் போகாது என்று விளங்கப்படுத்தி, அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாராம். பட்டடைக்காரன் எங்கே என்றுதான் இப்போது ஹவுஸ்மைஸ்ரர் கேட்கிறார். பட்டடை இல்லையென்றால் தேங்காய் இல்லை.

அப்போ நான் என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ஏற்கனவே உடைச்ச தேங்காய் ரெண்டு பாதியைக் கையில தாறம் அண்ணை. உடைச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. படத்துக்கு வடிவா இருக்கும்" என்றாள் வதனி.

அட கோதாரி. கடல் தாண்டி, கடையைப் பூட்டி, ஆரோ கடையில் உடைத்த தேங்காயை நான் பிடித்துக்கொண்டு நிற்கவோ? வெளியில் கார் நிறுத்துகிற இடத்தில் உடைக்கலாமே என்றார் மச்சான். பிள்ளை மேடையில், மாமன் கார் பார்க்கில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனை வராதே என்றது நான்தான், அவன் வராவிட்டால் பட்டடை வராது, பட்டடை வராவிட்டால் நான் மாமனும் இல்லை. அவனுக்குப் பறித்த குழியில் என் காலை நானே விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆரணியின் அறைக் கதவைத் தட்டினேன். ரிஸ்ரோவிடம் ஒரு விசயம் கேட்க வேண்டும், எனக்கு ஜேர்மன் தெரியாது, நீ வந்து சொல்லித் தா என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கொழுவினாள்.

ரிஸ்ரோ வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கராஜில் சும்மா இருந்தான். மத்தியானத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் மேல்மாடி மனிசி பொலிசுக்குப் போன் அடிப்பாவாம், அதனால் அந்த நேரம் அவன் தேத்தண்ணி குடிக்கிற நேரம். சுவரில் குறடு, சுத்தியல், கொழுக்கி, எல்லாம் ஒழுங்காகத் தொங்கின. என் கடையில் ஒரு குறடு தேடி எடுக்க ஒரு பிறவி வேணும். அதற்கும் ஒரு பொறாமை வந்துபோனது. பிறகு கண்டேன், தட்டில் இரண்டு சிரட்டை. சுரண்டி, எண்ணெய் பூசி மினுக்கி, ஒன்றில் சின்ன ஆணி, மற்றதில் பெரிய ஆணி போட்டு வைத்திருந்தான். அது எந்தத் தேங்காயின் சிரட்டை என்று ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. இரண்டும் ஒரே அளவு.

பட்டடை தருவாயா என்று கேட்டேன். ஆரணி மாற்றிச் சொன்னாள். அவன் உடனே தலையாட்டினான், ஆனால் எழும்பவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னான். ஆரணி அதைத் தமிழாக்கக் கஷ்டப்பட்டாள்.

"மாமா, அவர் சொல்றார், உங்களில தனக்குப் பொறாமையாம். அண்டைக்கு அம்மா கூப்பிட்டு அந்தத் தேங்காயைக் குடுத்தது இரவலாத்தானாம். தான் தனிப் பிள்ளையாம். கூடப்பிறந்த ஆக்கள் இல்லாட்டி, எவ்வளவு வடிவா உடைச்சாலும் மாமா ஆக ஏலாதாம். நீங்கள் வாறீங்கள் எண்டு கேள்விப்பட்ட நாளில இருந்து தனக்கு நித்திரை இல்லையாம்."

இதைக் கேட்டு நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வந்த நாளில் இருந்து எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததே இல்லை. என்னை நினைத்து ஒரு ஆள் நித்திரை கொள்ளாமல் கிடந்திருக்கிறான். இந்தத் தாடி, இந்த வான், இந்தக் குறடுகள் எல்லாம் இருந்தும் கிடந்திருக்கிறான். நான் பக்கத்தில் இருந்த பெட்டியில் குந்தினேன். அவன் இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றித் தந்தான். சீனி இல்லை. குடித்தேன்.

பட்டடை தனியே தூக்க ஏலாத பாரம், நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், அவன் மற்றப் பக்கம் பிடிக்கட்டும், பிடித்தால் மண்டபத்துக்குள் வரத்தானே வேணும், வந்தால் பிறகு நின்று சாப்பிட்டுவிட்டுப் போகத்தானே வேணும் என்று ஆரணியிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் பாவிக்கவில்லை. அவள் ஜேர்மனில் என்ன சொன்னாளோ, அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். தோள் பிறகு கன நேரம் நொந்தது.

திரும்பி வரும்போது எனக்கு ஒரு கேள்வி. அந்த இல்மரினெனுக்குத் தங்கச்சி இருந்ததோ என்று ஆரணியிடம் கேட்டேன்.

"ஓம். அன்னிக்கி எண்டு பேர்."

எனக்கு மனம் விழுந்துவிட்டது. "அவவுக்குப் பிள்ளை இருந்ததோ?"

ஆரணி யோசித்தாள். "கதையில இல்லை மாமா."

அப்பாடா என்று இருந்தது. வானத்தை அடித்தவன், திரிகை செய்தவன், ஆனால் தாய்மாமன் ஆகவில்லை. இதை உன் றெபராற்றில் சொல்லு என்றேன். அவள் இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சடங்கு நாள் வந்தது. அட்டியலை நான் பெட்டியில் வைக்கவில்லை. விடிய எழும்பினதில் இருந்து சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்ட வைத்திருந்தேன். நானும் ரிஸ்ரோவும் பட்டடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேடைக்கு ஏற்றினோம். அவனுக்கு மச்சான் வேட்டி கட்டிவிட்டிருந்தார். வெள்ளைக்காரனுக்கு வேட்டி பொருந்தாது என்று நினைத்திருந்தேன். எனக்குக் கட்டினதைவிட அவனுக்கு நல்லாய் நின்றது.

ஆரணி பலகையில் இருந்தாள். மேடையில் தண்ணி ஊற்ற ஏலாது என்பதால் தெளிப்பதோடு சரி. நான் பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்தேன். கமெராக்காரர் என்னை இடப்பக்கம் நகரச் சொன்னார், நிமிரச் சொன்னார், கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். நான் தேங்காயைத் தூக்கினேன். சரிபாதி, கடவுளே, சரிபாதி என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு ஓங்கி அடித்தேன்.

சத்தம் கடைசி வரிசை தாண்டி வாசல்வரை கேட்டிருக்கும். தேங்காய்த் தண்ணி பறந்து ஆரணியின் முகத்தில் அடித்தது, கண் மை கரைந்தது, பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. தேங்காய் சரிபாதி ஆகவில்லை. ஒன்று பெரிசு, மற்றது கையளவு. மேக்கப் அழிந்துவிட்டது, துடைத்துவிட்டு இன்னொரு தேங்காயை உடையுங்கோ அங்கிள், திரும்ப எடுப்போம் என்றார் கமெராக்காரர். எனக்கும் ஆசைதான், சரிபாதிக்கு இன்னொரு தரம். ஆனால் ஆரணி, கதைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த பிள்ளை, சபை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"தேவையில்லை. மாமா உடைச்சிட்டார்."

நான் சட்டைக்குள் கையை விட்டு அட்டியலை எடுத்தேன். போடச் சொல்லவில்லை, தொட்டுப் பார் என்று மட்டும் நீட்டினேன். அவள் விரலால் தொட்டாள், பிறகு கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். சூடாய் இருக்கு மாமா என்றாள். கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். வதனி கொழுக்கியைப் பூட்டினாள். இல்மரினென் உலை மூட்டிச் செய்ய ஏலாமல் போன காரியத்தை நான் நெஞ்சுக்குள் வைத்துச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறங்கும்போது கடைசி வரிசையில் ரிஸ்ரோ எழும்பி நின்று கைதட்டிக்கொண்டு நின்றான். தாடி நனைந்திருந்தது. நான் நேரே அவனிடம் போனேன். இரண்டு பாதியில் ஒன்றை அவனிடம் கொடுத்தேன். எதைக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது சுன்னாகத்துக் கடையில் என் மேசையில் ஒரு சிரட்டை இருக்கிறது, வெல்டிங் கம்பித் துண்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை ஆரணி ரிஸ்ரோவின் கராஜைப் படம் எடுத்து அனுப்பினாள். தட்டில் மூன்று சிரட்டை வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதில், என் தேங்காயின் பாதியில், அவன் ஒன்றும் போடாமல் வெறுமனே வைத்திருக்கிறான். நாலு பாதியில் மூன்று அவனிடம், என்னிடம் ஒன்றே ஒன்று என்று கண்டதும் பழைய எரிச்சல் திரும்ப எழும்பியது. மனிசி எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ திரும்பத் தொடங்கிட்டாரே என்றாள்.

படத்தைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். மூன்றாவதுதான் சின்னச் சிரட்டை. பெரிய பாதி என்னிடம்தான் இருக்கிறது.